பதினேழாவது விதி

நவம்பர் 9, சனி

பேப்பரை எடுத்துக்கொண்டார்கள்! கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தபோது அன்பு போன் செய்து, “யோகாக்கா, மெயில் பாத்தீங்களா? அக்செப்டட்!” என்று கத்தினான். கட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். சட்னியில் கொத்தமல்லி இல்லை என்று மகளுக்கு ஒரே புகார். ஏழரை வருடம் அம்மா உழைத்ததற்கு ஒரு நாள் தேங்காய்ச் சட்னி தின்றால் குறைந்துவிட மாட்டாள்.

இப்படி ஒரு நாளில் தொடங்கலாம் என்றுதான் இந்த நோட்டை வாங்கி வைத்திருந்தேன். முறையாகவே தொடங்குகிறேன். என் பெயர் யோகாம்பிகை, வயது முப்பத்தொன்பது. திருச்சிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினித் துறை ஆசிரியை. கூடவே பகுதிநேர பிஎச்.டி. அன்புக்கரசு எனக்கு எதிர் மேஜைக்காரன், ஆறு வயது சின்னவன். இருவரும் ஒரே வருடம், ஒரே கைடிடம் பதிவு செய்தோம். கைடு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டாக்டர் மாசிலாமணி, வருகிற ஜூலையில் ஓய்வு பெறுகிறார்.

பேப்பர் கணினிக் கோட்பாட்டில் ‘சூழல் சார்ந்த மொழிகள்’ என்கிற, விதிகளால் கட்டப்படும் மொழிகளைப் பற்றியது. கரு எனக்குக் கிடைத்தது பத்திரப் பதிவு அலுவலகத்தில். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் ஒரு பக்கத்தில் என் கணவர் ‘சு. குமரேசன்’, இன்னொரு பக்கத்தில் ‘குமரேசன் சு.’ இருவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவர் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பெயர் மூன்று இடத்தில் வரும் ஆவணத்தை, இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும், பிழையில்லாமல் சோதிக்கும் விதிகளை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது ஆறு வருடத்துக்கு முன்னால். அந்த விதிகள் அடங்கிய லெம்மாவின், அதாவது துணைத் தேற்றத்தின் மேல்தான் பேப்பரே நிற்கிறது.

பேப்பரில் மூன்று பெயர்கள். அன்புக்கரசு, மாசிலாமணி, யோகாம்பிகை. எங்கள் துறையில் யார் அதிகம் செய்தார்கள் என்று பார்த்துப் பெயர் போடுவதில்லை, ஆங்கில அகரவரிசைதான். என் பெயர் எங்கே போனாலும் கடைசியில்தான் நிற்கும். அதனால் என்ன, இது என் ஆய்வேட்டுக்கு என்று முதல் நாளே மூவரும் பேசி வைத்ததுதான். இரண்டாவது பேப்பர் ஒன்று வேறொரு பத்திரிகையில் பரிசீலனையில் இருக்கிறது. அது அன்புவுக்கு.

நவம்பர் 14, வியாழன்

மூன்றாம் ஆண்டு வகுப்பு. இன்று என் பாடம், அதாவது எனக்குப் பிடித்த பாடம், சூழல் சார்ந்த மொழிகள்.

ஒரு குறி வேறொன்றாக மாறலாமா என்பதை அது தனியாக முடிவு செய்ய முடியாது, இடப்பக்கம் யார் நிற்கிறார்கள், வலப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் மாற வேண்டும் என்றேன். “ஹாஸ்டல் மாதிரியா மேம்?” என்றான் ஒருவன். அப்படியே வைத்துக்கொள் என்றேன். இன்னொரு சட்டமும் உண்டு, மாறலாம், வளரலாம், ஆனால் சுருங்கக் கூடாது. மூன்று குறிகளை எடுத்தால் குறைந்தது மூன்றைத் திருப்பி வைக்க வேண்டும். இந்த மொழிகளைச் சோதிக்கிற எந்திரம் தனக்குக் கொடுத்த தாளுக்குள்ளேயே அழித்து எழுதிக் கணக்குப் போட வேண்டும், கூடுதல் தாள் கிடையாது என்றதும் வகுப்பே அனுதாபப்பட்டது. அடுத்த வாரம் அவர்களுக்குப் பரீட்சை.

முதல்வரிடமிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. அடுத்த கல்வியாண்டு முதல் பிஎச்.டி. இல்லாதவர்களுக்குக் கோட்பாட்டுப் பாடங்கள் கிடையாது, லேப் மட்டும். என் பதிவு ஜூன் 30 வரை செல்லும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது தர மாட்டார்கள். ஒரு பேப்பராவது ஏற்கப்பட்டால்தான் ஆய்வேடு கொடுக்க முடியும். நல்லவேளை, பேப்பர் வந்தது.

நவம்பர் 27, புதன்

கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. துறை முழுக்க ஃபைல். யார் எந்தக் கருத்தரங்கில் சமோசா சாப்பிட்டார்கள் என்பதற்குக்கூட ஆதாரம் கேட்கிறார்கள்.

மூன்றரை மணிக்கு அன்பு ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றான். “அக்கா, இதெல்லாம் உங்க சைன் வேணும். நாப்பது இருக்கும். நான் பென்சில்ல டிக் போட்டு வச்சிருக்கேன், அங்கங்க போட்டுட்டே வாங்க, போதும்.” நான் ஒரு கையில் சான்றிதழ்களுக்குத் துளை போட்டுக்கொண்டே இன்னொரு கையால் போட்டேன். அவனே பக்கம் திருப்பிக் கொடுத்தான். இப்படி உதவியாக இருக்கிற ஆள் துறையில் இன்னொருவர் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். இரண்டாவது பேப்பர் என்ன ஆயிற்று என்று அன்புவிடம் கேட்டேன். இன்னும் ஒன்றும் வரவில்லை என்றான். முகம் வாடியிருந்தது. பாவம்.

டிசம்பர் 21, சனி

பல்கலைக்கழகம் போனேன். வழக்கமாக அன்புவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். இறங்கியதும் அவன் காபி வாங்கித் தருவான், நான் வேண்டாம் என்பேன், பிறகு குடிப்பேன். இன்று காய்ச்சல் என்று வரவில்லை.

மாசிலாமணி சாரிடம் ஆய்வுச் சுருக்கத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்க்காமலே மேஜையில் வைத்தார். “அவசரமில்லம்மா, ஜனவரில பாத்துக்கலாம்” என்றார். ஜூன் கெடு பற்றி நினைவூட்டினேன். “தெரியும், தெரியும்” என்றார். நான் உட்காரும் முன்பே அவர் எழுந்துவிட்டார்.

வெளியே வரும்போது சைக்கிள் ஸ்டாண்டில் அன்புவின் பைக் மாதிரியே ஒரு பைக். அதே நீல நிறம், பின்னால் அதே வேல் ஸ்டிக்கர். வேல் ஸ்டிக்கர் எத்தனையோ பேர் ஒட்டுகிறார்கள். கஷாயம் வைக்கச் சொல்லி அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

ஜனவரி 8, புதன்

ஆய்வுப் பிரிவு அலுவலகம். சுருக்கம் சமர்ப்பிப்பதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கணினியில் பேப்பரின் தலைப்பைத் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார்.

“மேடம், இந்தப் பேப்பரை ஏற்கெனவே ஒரு ஸ்காலர் காட்டிட்டாரே. ஒரு பேப்பரை ஒருத்தர்தான் காட்ட முடியும்.”

“யாரு?”

“அன்புக்கரசு. ஃபர்ஸ்ட் ஆதரே அவர்தானே. டிசம்பர் இருபத்தொண்ணு நேர்ல வந்து தீசிஸே குடுத்துட்டுப் போயிட்டாரு. உங்க ஆட்சேபனையில்லாக் கடிதம் இருக்கே மேடம், நீங்கதானே சைன் பண்ணியிருக்கீங்க?”

திரையை என் பக்கம் திருப்பினார். ‘மேற்படி ஆய்வுக் கட்டுரையை எனது பட்டத்திற்காக நான் பயன்படுத்த மாட்டேன்.’ கீழே என் கையெழுத்து, நன்றாகவே விழுந்திருந்தது. பக்கத்தில் பென்சில் டிக்கை அழித்த தடம்கூட ஸ்கேனில் தெரிந்தது. அதற்கும் கீழே, கைடின் ஒப்புதல்.

ஆமாம், நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது. மூன்று இடத்தில் ஒரே பெயர் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்கு ஆறு வருடம் செலவழித்தவள், தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று ஒரு முறை படிக்கவில்லை என்று அந்த அம்மாளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் காலி சீட். சமயபுரம் வரை யாரும் உட்காரவில்லை.

ஜனவரி 9, வியாழன்

லீவு. மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. மகள் பழைய நோட்டுகளைக் கொளுத்தலாமா என்று கேட்டாள். அவள் கையிலிருந்த கட்டில் என் பச்சை நோட்டும் இருந்தது, விதிகளை எல்லாம் எழுதிய நோட்டு. பிடுங்கிக்கொண்டேன். திட்டியும் விட்டேன். அவளுக்கு ஏன் திட்டு விழுந்தது என்று புரியவில்லை.

அன்பு நான்கு நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை. இன்று நானே அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷை வாளியில் போட்டான்.

“உள்ள வாங்கக்கா.”

“இங்கயே சொல்லு. ஏன்டா?”

கையிலிருந்த சுண்ணாம்பை லுங்கியில் துடைத்தான். “ரெண்டாவது பேப்பர் செப்டம்பர்லயே ரிஜெக்ட் ஆயிடுச்சுக்கா. உங்ககிட்ட சொல்ல முடியல. கவர்மென்ட் காலேஜ் போஸ்ட்டுக்கு ஜூலைல இன்டர்வியூ. பிஎச்.டி. இல்லாம உள்ளயே விட மாட்டான். எனக்கு வயசு முப்பத்திமூணு ஆகுது, பொண்ணு வீட்லயெல்லாம் கேக்குறாங்க...”

“என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்க மாட்டேன். நிச்சயமாகக் கொடுத்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரிந்ததால்தான் பென்சில் டிக்.

“உங்களுக்கு இன்னொண்ணு எழுதறது ஒரு விஷயமாக்கா? உங்க மூளைக்கு மூணு மாசம் போதும்” என்றான். அந்த நேரத்திலும் புகழ்கிறான். இந்த எட்டு வருடத்தில் அவன் என்னைப் புகழ்ந்த ஒவ்வொரு தடவையும் அடுத்து ஒரு வேலை சொல்லியிருக்கிறான் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

ஜனவரி 20, திங்கள்

மாசிலாமணி சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். சத்தம் போடுவேன் என்று பயந்தார்போல. நான் சத்தம் போடுகிற ஆளில்லை என்று எட்டு வருடத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“இங்க பாரும்மா. உனக்கு வேலை இருக்கு, வீட்டுக்காரர் இருக்கார், குடும்பம் இருக்கு. அவன் இனிமேதான் செட்டில் ஆகணும். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள ரெண்டு பேருல ஒருத்தரைத்தான் வெளிய அனுப்ப முடியும்னு இருந்துச்சு. யோசிச்சுத்தான் பண்ணினேன்.”

“அந்த லெம்மா, விதிகள், எல்லாம் யாருதுன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“நம்ம ஃபீல்டுல யாரு என்ன செஞ்சாங்கன்னு பிரிச்சுப் பாக்கற வழக்கமே இல்லையேம்மா. அதான ஆல்ஃபபெட்டிக்கல்?”

எவ்வளவு அழகான வழக்கம் என்று இத்தனை வருடம் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற துறைகளில் முதல் பெயருக்கு அடித்துக்கொள்கிறார்கள், நாங்கள் அப்படியில்லை என்று.

வீட்டில் சொன்னேன். இவர் மின்வாரியத்து ஆள், எதையும் புகார் எண்ணாகத்தான் பார்ப்பார். “கம்ப்ளெய்ன்ட் குடு யோகா. துணைவேந்தருக்கே எழுது.” எழுதினால் முதல் கேள்வி இந்தக் கையெழுத்து உன்னுடையதா என்பது. “ஆமா” என்று சொன்னதும் இரண்டாவது கேள்வி இருக்காது. அதைச் சொன்னதும் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அச்சான பேப்பரை இத்தனை நாள் திறக்கவே பிடிக்கவில்லை. இன்று துணி காயப்போட்டுவிட்டு மாடியிலேயே உட்கார்ந்து, பச்சை நோட்டைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

என் நோட்டில் அறுபத்துமூன்று விதிகள். அச்சில் நாற்பத்தொன்று. போன வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது அன்பு போனில், “பக்கம் பத்தலக்கா, விதிகளைக் கொஞ்சம் சுருக்கிட்டேன், அர்த்தம் மாறல” என்றது ஞாபகம் வந்தது. சரிடா என்று சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தேன். அன்றைக்கு அறுபது தாள் முடிக்க வேண்டும்.

அர்த்தம் மாறியிருக்கிறது. நான் அடையாளங்களை எழுத்தின் தலையிலேயே வைத்திருந்தேன். பெயர் முதலில் வரும் இடத்துக்குத் தொப்பி, இரண்டாவதற்குப் புள்ளி, மூன்றாவதற்குக் கோடு. எழுத்தும் அடையாளமும் சேர்ந்து ஒரே குறி. வேலை முடிந்ததும் அடையாளம் போய் எழுத்து நிற்கும், எண்ணிக்கை மாறாது. அவன் விதிகளைக் குறைக்க அடையாளத்தைத் தனிக் குறியாகப் பிரித்து எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டான். பார்க்க அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் அவற்றை ஒழித்தாக வேண்டுமே? அதற்குத்தான் பதினேழாவது விதி. இடப்பக்கம் மூன்று குறி, வலப்பக்கம் இரண்டு.

சுருங்குகிறது. சுருங்கலாம் என்று வந்துவிட்டால் அது வேறு மொழிக் குடும்பம், சோதிக்கிற எந்திரம் பதிலே சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். பேப்பரின் முக்கியத் தேற்றம் அந்த விதியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகைக்காக மதிப்பிட்டவர்கள் எண்ணவில்லை. நாற்பத்தொரு விதியை யார் எண்ணுவார்கள்? நானும்தான் எண்ணவில்லை.

சிரிப்பு வந்தது. பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். என் பெயரும் அதில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

சரி செய்துவிட்டேன். என் பழைய வழியில் போய், அறுபத்துமூன்றையும் வைக்காமல், ஒன்பதே விதிகளில். நான் முதலில் எழுதியதைவிட நன்றாக வந்திருக்கிறது. அன்புவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

தனியாக ஒரு சிறு கட்டுரையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். குறைந்தது எட்டு மாதம் ஆகும் என்று உடனே பதில். ஜூன் 30 அதற்காகக் காத்திருக்காது.

அன்பு எதிர் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறான். குட் மார்னிங் சொல்கிறான். பதினேழாவது விதி பற்றிச் சொல்வதற்கு இன்றும் மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அவனுக்கு வாய்மொழித் தேர்வுத் தேதி வந்துவிட்டது, ஜூன் 12. சாதாரணமாக ஒரு வருடம் இழுக்கும். சார் ஆள் ஆளாகப் போன் போட்டு வாங்கியிருக்கிறார். எனக்காக அவர் யாருக்காவது போன் போட்டது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முறை, என் தேர்வு மேற்பார்வை நாளை மாற்றுவதற்கு. அதுவும் அன்று அவருக்கு ஒரு டைப்பிங் வேலை இருந்தது.

இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் திருத்திக்கொள்வான். வீட்டில் இவரிடம் கேட்டேன், ஒருத்தன் வீட்டு வயரிங்கில் கோளாறு என்று தெரிந்தால் சொல்வீர்களா என்று. “சொல்லாம எப்படி? ஆளு செத்துப்போவானே” என்றார். இதில் யாரும் சாக மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

வாய்மொழித் தேர்வு பொதுவானது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். சும்மா பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சும்மா பார்க்கப் போகிறவள் பச்சை நோட்டை எதற்குப் பையில் வைத்தாள் என்று இவர் கேட்கவில்லை.

கருத்தரங்க அறையில் முப்பது பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அன்பு புதுச் சட்டை, டை. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான், பிறகு தன் படக்காட்சியைத் தொடங்கினான். முதல் படம் பத்திரப் பதிவு அலுவலகம்! “இந்த ஐடியா எனக்கு ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கிடைச்சுது” என்றான். அவன் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் வீட்டுக்காரர் போட்ட சண்டையைக்கூட விடவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை, லெம்மாவுக்குக்கூட இவ்வளவு வலிக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டாக்டர் ரெஜினா பாக்கியநாதன், சென்னைக்காரர். அவன் முடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை. பிறகு ஆய்வேட்டில் மஞ்சள் தாள் ஒட்டிய பக்கத்தைத் திறந்தார்.

“பதினேழாவது ரூல். இடதுபக்கம் மூணு சிம்பல். வலதுபக்கம் ரெண்டு. சூழல் சார்ந்த இலக்கணத்துல இப்படிச் சுருங்கலாமா?”

அன்பு திரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். எண்ணுகிறான் என்று தெரிந்தது. இப்போதுதான் முதல் தடவையாக எண்ணுகிறான்.

“மேம், அந்த லெம்மா மட்டும்... அது நான் செஞ்சதில்ல. என் கோ-ஆதர் எழுதினது.”

“அப்படியா. அவங்க வந்திருக்காங்களா?”

மாசிலாமணி சார் முன்வரிசையிலிருந்து பாதி எழுந்து திரும்பினார். என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இல்ல மேம். அவங்களால வர முடியல.”

கையெழுத்தை வாங்கியபோதுகூட இப்படி இல்லை. அது என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. இது என் முகத்துக்கு நேரே. எட்டு வருடம் அவர் பேத்தியின் பிறந்தநாள் வரை நினைவு வைத்திருந்தேன், அந்த மனிதர் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்துக் காலி என்கிறார்.

எழுந்துவிட்டேன். “வந்திருக்கேன் மேடம். யோகாம்பிகை. அந்த லெம்மா என்னுதுதான். ஆனா அந்தப் பதினேழாவது விதி என்னுது இல்ல.”

பச்சை நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். தேதிகளையும் பார்த்தார். “இதுல சரியா இருக்கே” என்றார். பிறகு அன்புவிடம், “அப்ப இந்த தீசிஸ்ல உங்களுது எது?” என்று கேட்டார்.

“விதிகளைச் சுருக்கினது நான்தான் மேம்” என்றான். அவசரத்தில், பெருமையாகவே சொன்னான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு வினாடி கழித்துத்தான் தான் சொன்னது அவனுக்கே புரிந்தது.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்க வேண்டும். “இதைச் சரி பண்ண வழி இருக்கா?” என்று ரெஜினா மேடம் பொதுவாகத்தான் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. நான்தான் “இருக்கு” என்று சொல்லி மார்க்கரை எடுத்தேன். பெருமைக்குத்தான் போனேன், வேறு காரணம் சொல்ல மாட்டேன். இத்தனை பேர் முன்னால் அது என்னுடையது என்று ஒரு தடவையாவது தெரிய வேண்டும். ஒன்பது விதிகளையும் வெள்ளைப் பலகையில் எழுதினேன். தொப்பி, புள்ளி, கோடு. முடித்ததும் ரெஜினா மேடம்தான் முதலில் கைதட்டினார், பிறகு எல்லாரும்.

திரும்பினேன். அன்பு கைதட்டவில்லை. போனை நெஞ்சு உயரத்தில் பிடித்துப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

முடிவை நாலு மணிக்குச் சொன்னார்கள். தேர்ச்சி, திருத்தங்களுக்கு உட்பட்டு. முப்பது நாளில் திருத்திய பிரதியைத் தர வேண்டும், அதை ரெஜினா மேடமே பார்த்துக் கையெழுத்திடுவார். வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க ரெஜிஸ்ட்ரேஷனுக்கு நான் எதுவும் பண்ண முடியாதும்மா, என் கையில இருக்கறது இந்த தீசிஸ் மட்டும்தான்” என்றார். நன்றி சொன்னேன். உள்ளே கேக் வெட்டினார்கள்.

ஜூன் 30, திங்கள்

பதிவு ரத்து என்று மெயில் வந்தது. வரும் ஆண்டுக்கான கால அட்டவணையில் எனக்கு நான்கு லேப். கோட்பாட்டுப் பாடம் அன்புக்கரசுவுக்கு, பெயருக்கு முன்னால் ‘முனைவர்’, அடைப்புக்குறிக்குள் ‘எதிர்பார்ப்பில்’.

ஜூலை 3, வியாழன்

மாலை பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப். அன்புதான். ஜனவரிக்குப் பிறகு முதல் மெசேஜ்.

‘அக்கா நல்லாருக்கீங்களா. அன்னைக்கு போர்டுல எழுதினதுல அஞ்சாவது விதியில ஒரு எழுத்து தெரியல. டியூப்லைட் வெளிச்சம் அடிக்குது. மேல தொப்பியா புள்ளியா கோடானு சொன்னா போதும்.’

கூடவே படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தாவது விதியில் வெள்ளையாக ஒரு பளிச்சென்ற திட்டு. பலகையின் ஓரத்தில் ஒரு கை, மார்க்கர் பிடித்த என் வலது கை, மணிக்கட்டு வரை. மீதி என்னை வெட்டி எடுத்திருந்தான்.

மூன்றில் ஒன்று. மூன்றையும் போட்டுப் பார்த்தால் எது நிற்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், என்ன நடக்கிறது என்று புரிந்திருந்தால். மூன்றாம் ஆண்டுப் பையன் செய்துவிடுவான். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கு நீல டிக் விழட்டும் என்று படத்தைத் திறந்து வைத்திருந்தேன். பதில் போடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் மாசிலாமணி சார் போன். “ஒரு எழுத்தும்மா. ஒரே ஒரு எழுத்து. எனக்கும் கண்ணு சரியாத் தெரியல. பன்னண்டாம் தேதிக்குள்ள குடுக்கணும். பையன் வாழ்க்கை.” அவருக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதரிடம்தான் எட்டு வருடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் ஊரில் இல்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள் சார், உங்களுக்கு அது சுலபமாக வரும் என்றேன். வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு அன்புவே வந்தான். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். நான் சமையலறையில் இருந்தேன், இவர்தான் கதவைத் திறந்தார், திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார். அன்பு உள்ளே வரவில்லை. படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தான். அந்த வெள்ளைத் திட்டைச் சுற்றி பென்சிலில் வட்டம் போட்டிருந்தான்.

“யோகாக்கா, கோபம் இருக்கும், நியாயம்தான். திட்டுங்க, அடிங்க. ஆனா இதை மட்டும் சொல்லிடுங்கக்கா. நாலு நாளா போட்டுப் பாக்குறேன், எதுவுமே நிக்க மாட்டேங்குது.”

கண் சிவந்திருந்தது. தூங்கியிருக்க மாட்டான். நடிப்பில்லை, நிஜமாகவே கஷ்டப்படுகிறான் என்று தெரிந்தது. எனக்கு ஒரு நிமிடம் வாய்வரை வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், அவன் கேட்டால் என் கை தானாகப் பேனாவைத் தேடும்.

“தீசிஸ்ல முதல் பக்கத்துல உறுதிமொழி குடுத்திருக்கியே அன்பு, என்ன எழுதியிருக்கே?”

அவன் கையிலிருந்த தாளை என் பக்கம் நீட்டினான்.

“இது முழுக்க என் சொந்த உழைப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கே.” தாளை அவன் கையிலேயே திருப்பி வைத்தேன். “உன் சொந்த உழைப்புல என்ன இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

ஆப்பிளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்கும் வரை நின்றேன். அதற்கப்புறம்தான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.